டி.பி. மாத்திரையும் ஐந்தாம் மாதமும்: இப்போதே தொடங்குவதா, பிரசவம்வரை தள்ளுவதா?

நிலாமுற்றம்:
வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம், இரண்டாவது குழந்தை. கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி கொஞ்ச நாளாகவே இருந்தது. செக்கப்புக்குப் போன இடத்தில் நர்ஸ் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள்; டி.பி. என்று வந்துவிட்டது. வயிற்றில் ஈயக் கவசம் கட்டி மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், நுரையீரலில் ஒன்றும் இல்லை. இருமல், சளி எதுவும் கிடையாது. எடை 47 கிலோ. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை, மொத்தம் ஆறு மாதம் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள்.

மாத்திரை அட்டை வீட்டில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. என் கணவர் அந்த அட்டையைக் கடைத்தெரு மருந்துக்கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் அதே மருந்தில் வேறு கம்பெனி டப்பாவை எடுத்து, உள்ளே மடித்திருந்த தாளை விரித்து, "கர்ப்பிணிகளில் இதன் பாதுகாப்பு உறுதிசெய்யப்படவில்லை" என்ற வரியைப் படித்துக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. "கட்டி வலிக்கவா செய்கிறது? பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் எத்தனை மாத்திரை வேண்டுமானாலும் விழுங்கு" என்கிறார் மாமியார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கே அந்தப் பயம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்ததே தப்போ என்றும் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர்:
வரவேற்கிறோம். வழக்கமான நினைவூட்டல்: இங்கே யாரும் உங்களைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் அல்லர். அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரிடம் மட்டும். மற்றபடி விவாதம் நடக்கட்டும்.

கொல்லிமலைக்காற்று:
மார்புநோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விளக்கம் பிறகு, பதில் முதலில்: தொடங்குங்கள் அம்மா. தள்ளிப்போடாதீர்கள்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் முதல் இரண்டு மாத மாத்திரை ஒவ்வொன்றிலும் நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன: ஐசோனியாசிட் 75 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்புடால் 275. இரண்டு மாதம் முடிந்ததும் பைரசினமைடு நின்றுவிடும். மீதி மூன்றும் இன்னும் நான்கு மாதம் தொடரும். உலக சுகாதார நிறுவனமும் நமது தேசியக் காசநோய்த் திட்டமும் கர்ப்பிணிகளுக்கு இதே நான்கைத்தான் கொடுக்கச் சொல்கின்றன. எடை 35 முதல் 49 கிலோவரை மூன்று மாத்திரை. உங்களுக்குச் சரியாகவே கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தாளில் உள்ள வரியைப் பற்றி. "உறுதிசெய்யப்படவில்லை" என்றால் "கெடுதல் என்று கண்டுபிடிக்கப்பட்டது" என்று பொருள் அல்ல. மருந்துக் கம்பெனி கர்ப்பிணிகளை வைத்து முறையான சோதனை நடத்தவில்லை என்பதுதான் அதன் பொருள். தாலிடோமைடு மாத்திரையால் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்த பிறகு, எந்த மருந்துச் சோதனையானாலும் கர்ப்பிணிகளை ஒதுக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. காசநோய் மருந்துச் சோதனைகளிலும் இதே கதைதான். நடுவில் ஒரு பெண் கர்ப்பமானால் அவரைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதனால்தான் அறுபது ஆண்டுப் புழக்கம் உள்ள மருந்தின் தாளிலும் அந்த வரி அப்படியே நிற்கிறது.

எக்ஸ்ரேயை மறந்துவிடுங்கள். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரே அளவைத் தாண்டாது. குழந்தைக்குத் தீங்கு வருமா என்று கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே.

தாமிரபரணிக்கரை:
மருந்தாளுநர் என்ற முறையில் அந்தக் கடைக்காரர் சார்பில் வெட்கப்படுகிறேன். தாளைப் படித்துக் காட்டத் தெரிந்தவருக்கு, "எழுதிக் கொடுத்த டாக்டரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று சொல்லத் தெரியவில்லை.

நிலாமுற்றம், சில நடைமுறை விஷயங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். வேர்வை, கண்ணீர்கூட நிறம் மாறலாம். ரத்தம் என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிக்கு அந்தப் பயம் இரட்டிப்பாகும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே கையளவாகக் காலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். டி.பி. மாத்திரை காலையில் வெறும் வயிற்றில்; மற்றவை மதியமும் இரவும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தும் அப்படியே, அதில் இருக்கும் அலுமினியம் ஐசோனியாசிட், எத்தாம்புடால் இரண்டும் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். குமட்டல் தாங்க முடியவில்லை என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். உணவோடு போட்டால் மருந்து சேர்வது சற்றுக் குறையும், உண்மைதான். ஆனால் வாந்தியில் மொத்தமாகப் போவதைவிட அது மேல்.

டாக்டர் ஐயாவிடம் எனக்கும் ஒரு கேள்வி. கர்ப்பத்தில் உடலின் ரத்த நீர்ப்பகுதி கிட்டத்தட்டப் பாதியளவு கூடிவிடுகிறது, சிறுநீரகமும் வேகமாக வடிக்கிறது. அப்படியானால் அதே மூன்று மாத்திரை போதுமா? மருந்து நீர்த்துப்போகாதா?

கொல்லிமலைக்காற்று:
நல்ல கேள்வி. கணக்குப்படி பார்த்தால் நீர்த்துத்தான் போக வேண்டும். ஆனால் அளந்து பார்த்தபோது அப்படி வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் காசநோயும் எச்.ஐ.வி.யும் இருந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ரிஃபாம்பிசின் அளவைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் அந்த மருந்து உடம்பை விட்டு வெளியேறும் வேகம் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது. ஐசோனியாசிட் விஷயம் வேறு. அதைக் கர்ப்பிணியின் உடல் கொஞ்சம் வேகமாகக் கழிக்கிறது. ஆனால் அந்த வேறுபாட்டைவிட, ஒருவர் பிறவியிலேயே அந்த மருந்தை வேகமாகச் சிதைப்பவரா மெதுவாகச் சிதைப்பவரா என்பதால் வரும் வேறுபாடு பெரியது. ஆகவே கர்ப்பம் என்பதற்காக அளவைக் கூட்டுவதில்லை.

எடை ஏறுவது ஒரு சிக்கல்தான். 47 கிலோவில் தொடங்கும் இந்தப் பெண் ஒன்பதாம் மாதத்தில் 50-ஐத் தாண்டிவிடுவார். பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நான்கு மாத்திரை என்று வரும். ஏறியது குழந்தையும் பனிக்குட நீருமா, இவர் உடம்பா என்று மருத்துவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிரசவம் முடிந்ததும் மறுபடி எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்விக்குறி:
எல்லோரும் ஒரே குரலில் தாலாட்டுப் பாடுவதால் நான் கொஞ்சம் இடைமறிக்கிறேன். 2019-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இந்தியா உட்பட எட்டு நாடுகளில் 956 கர்ப்பிணிகள். ஐசோனியாசிட்டைக் கர்ப்ப காலத்திலேயே கொடுத்த பிரிவில் 23.6 சதவீதம் பேருக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல், குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறவிக்குறை என்று ஏதோ ஒன்று நேர்ந்தது. பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த பிரிவில் 17 சதவீதம்தான். நீங்கள் "அறுபது ஆண்டுப் புழக்கம்" என்கிறீர்கள். புழக்கம் என்பது ஆதாரமா? முறையாகச் சோதித்துப் பார்த்த ஒரே தடவையில் முடிவு எதிராக வந்திருக்கிறது. அந்த மாமியார் சொல்வதில் நியாயமே இல்லையா?

எடிசன் அம்மா:
கேள்விக்குறி ஐயா, பயந்துபோய் வந்து நிற்கும் பெண்ணிடம் இப்படியா? எனக்கு நான்காம் மாதத்தில் நுரையீரல் டி.பி. வந்தது. நியூஜெர்சியில் வைத்தியம். மாத்திரை சாப்பிட்டேன், குழந்தை பிறந்தாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இது ஆய்வு ஆகாது என்பது எனக்கும் தெரியும்; இருந்தாலும் சொல்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு குழப்பம் உண்டு. இங்கே எனக்கு மூன்று மருந்துதான் கொடுத்தார்கள், பைரசினமைடு இல்லை. அதனால் ஒன்பது மாதம் சாப்பிட வேண்டியிருந்தது. தினமும் கைப்பேசியில் வீடியோ வைத்து விழுங்குவதைக் காட்ட வேண்டும். நம் ஊரில் நான்கு மருந்து பாதுகாப்பு என்கிறார்கள். இங்கே அதில் ஒன்றை விலக்குகிறார்கள். ஒரே மருந்து கடல் தாண்டினால் மாறிவிடுமா?

கொல்லிமலைக்காற்று:
இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். கேள்விக்குறிக்கு முதலில், ஏனென்றால் அவர் கேட்டதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் யார்? எச்.ஐ.வி.க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த, காசநோய் வராத பெண்கள். வராமல் தடுக்க ஐசோனியாசிட்டைக் கர்ப்ப காலத்தில் கொடுப்பதா, பிரசவம் ஆகி மூன்று மாதம் கழித்துக் கொடுப்பதா என்பதுதான் அங்கே கேள்வி. நோய் இல்லாத பெண்ணுக்குத் தடுப்பு மாத்திரையைச் சில மாதம் தள்ளிப்போட்டால் பெரிய நட்டமில்லை. அந்த ஆய்விலும் இரண்டு பிரிவிலுமே காசநோய் வந்தவர்கள் மிகச் சிலர்தான். இந்தப் பெண்ணுக்கு நோய் இருக்கிறது. ஊசியில் எடுத்த நீரில் தெரிந்துவிட்டது. தராசின் மறுதட்டு இங்கே காலியாக இல்லை.

அந்த மறுதட்டில் என்ன இருக்கிறது என்பதற்கும் ஆய்வு உண்டு, அதுவும் இந்தியாவிலேயே. 1994-ல் சண்டிகரிலிருந்து வந்த அறிக்கையில், நுரையீரல் காசநோய் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு ஆறு மடங்கு. தாமதமாகக் கண்டறிந்தவர்களும் ஒழுங்காக மருந்து சாப்பிடாதவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

நிலாமுற்றம், உங்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதே சண்டிகர்க்காரர்கள் 1999-ல் நுரையீரலுக்கு வெளியே காசநோய் வந்த கர்ப்பிணிகளைப் பற்றி எழுதினார்கள். கழுத்துக் கட்டி வகை காசநோய், மருந்து எடுத்துக்கொண்டவர்களில், கர்ப்பத்தையோ குழந்தையையோ பாதிக்கவில்லை. முதுகெலும்பு, குடல், மூளைச்சவ்வு போன்ற இடங்களில் வந்தவர்களுக்குத்தான் தொல்லை.

"பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கர்ப்பத்தில் தாயின் எதிர்ப்பாற்றல் குழந்தையை ஒதுக்கித் தள்ளாதபடி சற்று அடங்கியிருக்கும். பிரசவமானதும் அது திரும்ப எழும்பும். அந்த மாதங்களில்தான் அதுவரை சத்தமில்லாமல் கிடந்த காசநோய் வெளிப்படுவது அதிகம். இங்கிலாந்தில் 2012-ல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதத்தில் காசநோய் கண்டறியப்படுவது மற்ற காலத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நோய் பெருகும் நிலைக்குப் போவதைவிட, இப்போது தொடங்கி, குழந்தை வருவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு வைத்தியத்தை முடித்துவிடலாம்.

எடிசன் அம்மா, உங்கள் ஊரில் பைரசினமைடை விலக்கியது அது கெடுதல் செய்தது என்பதால் அல்ல. போதுமான தரவு இல்லை என்று அவர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளின் நீண்ட அனுபவத்தைப் பார்த்துக் கொடுக்கலாம் என்றது. அமெரிக்க வழிகாட்டியும் 2016-ல் கொஞ்சம் இறங்கி வந்து, நோய் தீவிரமாக இருந்தால் மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றது. விலக்கினால் விலை மூன்று மாதம் கூடுதல் வைத்தியம்.

தாமிரபரணிக்கரை:
இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் அரசு மாத்திரையில் நான்கும் ஒன்றாகவே பிசைந்திருக்கின்றன. "பைரசினமைடு மட்டும் வேண்டாம்" என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க வழியில்லை. விலக்குவதென்றால் வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டும், மொத்தக் காலக் கணக்கும் மாறும். சிலர் "மூன்றுக்குப் பதில் இரண்டு சாப்பிட்டால் குழந்தைக்குப் பாதி பாதிப்புதானே" என்று கேட்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. குறைந்த அளவில் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

கேள்விக்குறி:
நோய் தடுப்பு வேறு, நோய் சிகிச்சை வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் அடிப்படைப் புகார் நிற்கிறது. கர்ப்பிணிகளைச் சோதனைகளிலிருந்து "பாதுகாப்புக்காக" விலக்கினார்கள்; விலக்கியதால் தரவு இல்லை; தரவு இல்லாததால் தாளில் அந்த வரி; அந்த வரியால் இந்தப் பெண்ணின் அலமாரியில் பிரிக்காத அட்டை. இதற்கு மருந்துக்கடைக்காரர் மட்டுமா பொறுப்பு?

கொல்லிமலைக்காற்று:
இதில் நான் உங்கள் பக்கம்.

வெள்ளைப்புறா:
கிராம சுகாதார செவிலியர். கள வேலையிலிருந்து சொல்கிறேன். எங்களிடம் வரும் கர்ப்பிணிகளில் டி.பி. பிடிபடாமல் போவதற்கு முக்கியக் காரணம், அறிகுறிகள் எல்லாம் மசக்கையோடு கலந்துவிடுவதுதான். அசதி என்றால் கர்ப்பம், பசியில்லை என்றால் கர்ப்பம், மூச்சு வாங்கினால் கர்ப்பம். உடம்பு இளைப்பதுதான் டி.பி.யின் பெரிய அடையாளம்; கர்ப்பத்தில் எடை ஏறிக்கொண்டிருப்பதால் அதுவும் மறைந்துவிடும். "ஐந்தாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவில் எடை ஏறவே இல்லையே" என்று அட்டையைப் பார்த்துக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். உங்களுக்குக் கழுத்தைத் தொட்டுப் பார்த்த அந்த நர்ஸ் அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள்.

இப்போது வேலை. ஒன்று, தாய்சேய் நல அட்டையில் டி.பி. வைத்தியம் பற்றி எழுதச் சொல்லுங்கள். பிரசவம் பார்க்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் ரிஃபாம்பிசின் சாப்பிடுவது தெரிந்திருக்க வேண்டும். கடைசி வாரங்களில் அது உடம்பில் இருந்தால் குழந்தைக்கு ரத்தம் உறைவதில் குறை வரலாம். பிறந்த உடனே தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி அதைச் சரிக்கட்டும். எல்லாக் குழந்தைக்கும் போடும் ஊசிதான், உங்கள் குழந்தைக்குக் கட்டாயம் விட்டுப்போகக் கூடாது.

இரண்டு, பைரிடாக்சின். வைட்டமின் பி6 மாத்திரை. ஐசோனியாசிட் இந்தச் சத்தைக் கரைத்துவிடும், கர்ப்பிணிக்கு ஏற்கெனவே தேவை அதிகம். கொடுக்காவிட்டால் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வரும். அது கொடுத்தார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

மூன்று, மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை. 2024 நவம்பரிலிருந்து 500 என்பதை 1000 ஆக்கியிருக்கிறார்கள். வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துப் பதிவு செய்தீர்களா? மகப்பேறு உதவித்தொகை தனி, இது தனி. கேட்காதவர்களுக்குத் தாமதமாகத்தான் வருகிறது.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம், கணவரும் மாமியாரும் கூடவே வந்தார்கள். டாக்டர் அம்மாவிடம் அந்தத் தாள் விஷயத்தைக் கணவரே கேட்டார். கிட்டத்தட்ட இங்கே சொன்னதையே சொன்னார்கள். இன்று காலை முதல் மூன்று மாத்திரையைப் போட்டுவிட்டேன். பி6 மாத்திரை அதே பையில் அடியில் இருந்திருக்கிறது.

இப்போது வேறு சங்கடம். மாமியார் எனக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். மூத்தவனை என் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. பிறக்கப் போகும் குழந்தைக்குப் பால்பவுடர்தான் என்று இப்போதே பேசுகிறார். இன்னொன்று, ரத்தப் பரிசோதனையில் ஈரல் வரிசையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற ஒன்று அதிகம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. மாத்திரை போடுவதற்கு முன்பே எடுத்தது. அதைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

கொல்லிமலைக்காற்று:
ஈரல் சீட்டு முதலில். அல்கலைன் பாஸ்பட்டேஸ் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும். கர்ப்பம் வளர வளர அது கூடிக்கொண்டே போவது இயல்பு. ஆய்வகக் கணினிக்கு நீங்கள் கர்ப்பிணி என்று தெரியாது, அதனால் தடித்த எழுத்து. டாக்டர் பார்ப்பது எஸ்.ஜி.பி.டி.யையும் பிலிருபினையும்தான். மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டால் அவைதான் ஏறும்.

இந்த விஷயத்தில் மட்டும் கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே ஈரலைத் தொடக்கூடியவை. ஐசோனியாசிட்டின் ஈரல் பாதிப்பு கர்ப்பத்திலும் பிரசவமான முதல் இரண்டு மூன்று மாதங்களிலும் சற்று அதிகம் என்ற ஐயம் நெடுநாளாகவே உண்டு. தொடங்கிய சில வாரத்தில் திரும்ப வாந்தி, சோற்றைப் பார்த்தாலே அருவருப்பு, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சள் என்று வந்தால் "மசக்கை திரும்பிவிட்டது" என்று வீட்டில் இருக்காதீர்கள். ஆறாம் ஏழாம் மாதத்தில் புதிதாக மசக்கை வராது. அன்றே போய் ரத்தம் கொடுங்கள். உடம்பெல்லாம் அரிப்பு என்றாலும் போங்கள். அது கர்ப்பத்தாலேயே பித்தநீர் தேங்கி வரும் அரிப்பாகவும் இருக்கலாம், பிரித்துப் பார்ப்பது அவர்கள் வேலை.

கட்டியைப் பற்றி ஒன்று. வைத்தியம் தொடங்கிச் சில வாரத்தில் கட்டி பெரிதாகலாம், பக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். கிருமி சாகும்போது உடம்பு காட்டும் வீக்கம் அது. டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

வெள்ளைப்புறா:
தனித்தட்டு விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் மாமியாருக்கே படித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் மருமகளுக்கு வந்திருப்பது கழுத்துக் கட்டி. நுரையீரலில் நோய் இல்லை என்று எக்ஸ்ரே சொல்கிறது. இருமும்போது காற்றில் வரும் கிருமியால்தான் இது பரவும். தட்டிலும் டம்ளரிலும் பரவாது. நுரையீரலில் நோய் இருந்தவர்களைக்கூட வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய ஆய்வில் நோயாளிகளில் பாதிப்பேரைச் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப்பேரை நெருக்கடியான வீடுகளிலும் வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதேபோல் குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடவில்லை. பேரன் அம்மாவின் பக்கத்தில் தூங்கட்டும். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மட்டும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். மருமகளுக்கு யாரிடமிருந்தோதான் வந்திருக்கிறது.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மருந்து பாலில் மிகக் கொஞ்சம்தான் வரும், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. அதேபோல் அந்தக் கொஞ்சத்தை நம்பிக் குழந்தைக்கு மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. பிறந்ததும் பி.சி.ஜி. தடுப்பூசி வழக்கம்போல் போடலாம். பிரசவ நேரத்தில் தாய்க்குச் சளியில் கிருமி இருந்தால்தான் கணக்கு மாறும். அப்போது குழந்தைக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுத்து, பி.சி.ஜி.யைப் பிறகு போடுவார்கள். அந்தத் தாயும் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம்.

பாலக்கரைவாசி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அண்ணிக்கு மூன்றாம் மாதம். அவருக்கு ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். இங்கே சொன்னதெல்லாம் அவருக்கும் பொருந்துமா? பழைய டி.பி. நோயாளி ஒருவர், அந்தக் காலத்தில் தனக்கு ஊசி போட்டுத்தான் குணமானது, அதைக் கேளுங்கள் என்கிறார்.

கொல்லிமலைக்காற்று:
பொருந்தாது. அதற்கு வேறு மருந்துகள், வேறு கணக்கு.

அந்த ஊசியைக் கேட்கவே கேட்காதீர்கள். ஸ்ட்ரெப்டோமைசின், கானமைசின், அமிக்காசின் எல்லாம் ஒரே குடும்பம். நஞ்சுக்கொடியைத் தாண்டிப்போய்க் குழந்தையின் செவி நரம்பைத் தாக்கும். 1980-ல் பழைய பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கருவில் ஸ்ட்ரெப்டோமைசின் பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்குக் காது அல்லது சமநிலை நரம்பில் குறை இருந்தது. அதே தொகுப்பில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்புடால் எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறவிக்குறை பொதுவான அளவைத் தாண்டவில்லை. டி.பி. மருந்துகளிலேயே கர்ப்பிணிக்குத் தெளிவாகக் கூடாது என்று சொல்ல முடிவது இந்த ஊசிகளைத்தான்.

உங்கள் அண்ணிக்கு: இப்போது புழக்கத்தில் உள்ள குறுகிய கால மாத்திரை முறையில் பிரிட்டோமனிட் என்ற மருந்து உண்டு. கர்ப்பிணிகளில் அதற்கு அனுபவம் போதாது என்பதால் விலக்குகிறார்கள். எத்தியோனமைடும் தவிர்க்க வேண்டியது. இந்த வகை டி.பி.க்குக் கொடுக்கும் பிடாகுயிலின் என்ற மருந்தைப் பற்றித் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டாலில் 108 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். அந்த மருந்து பட்ட குழந்தைகளில் எடை குறைந்து பிறந்தவை 45 சதவீதம், படாதவற்றில் 26 சதவீதம். ஆனால் ஒரு வயதில் பார்த்தபோது பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்ந்திருந்தன. கேள்விக்குறி மகிழ ஒரு செய்தி: அதே நாட்டில் நடந்த இன்னொரு சோதனையில் கர்ப்பிணிகளை விலக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். பிடாகுயிலின், டெலாமனிட், லைனசோலிட் அடங்கிய அந்த ஆறு மாத முறையை உலக சுகாதார நிறுவனம் 2024-ல் ஏற்றுக்கொண்டது. இந்த வைத்தியத்தை மாவட்ட அளவிலுள்ள சிறப்பு மையத்தில், மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். மூன்றாம் மாதம் என்பதால் ஒரு வாரம்கூட வீணாக்காமல் அங்கே அழைத்துப் போங்கள். மாத்திரைக்குப் பயந்து கர்ப்பத்தைக் கலைக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், அந்த மையத்தில் பேசும்வரை காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பாலக்கரைவாசி:
நாளைக்கே போகிறோம். நன்றி ஐயா.

எடிசன் அம்மா:
நிலாமுற்றம், ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் யாரும் சொல்லவில்லை. உங்கள் கணக்குப்படி குழந்தை பிறந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் மாத்திரை இருக்கும் அல்லவா? அப்போது கருத்தடை மாத்திரையை நம்பாதீர்கள். ரிஃபாம்பிசின் அதைச் செல்லாக்காசாக்கிவிடும்.

நிலாமுற்றம்:
இது எனக்குத் தெரியாது. இரண்டோடு போதும் என்று இருக்கிறோம். அப்படியானால் என்ன செய்வது?

வெள்ளைப்புறா:
எடிசன் அம்மா சொன்னது சரி. ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிடுவதால் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன் சீக்கிரமே கழிந்துவிடும். பால் கொடுப்பவர்களுக்கான ஒற்றை ஹார்மோன் மாத்திரைக்கும் இதே கதி. டி.பி. மாத்திரை முடிந்த பிறகும் ஒரு மாதம்வரை அந்த முடுக்கம் இருக்கும், ஆகவே அதுவரை சேர்த்தே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காப்பர்-டி போடலாம், அதில் ஹார்மோன் இல்லை. பிரசவம் முடிந்த கையோடு ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிடுவார்கள், இப்போதே சொல்லி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கருப்பையிலோ அடிவயிற்றிலோ டி.பி. இருப்பவர்களுக்கு மட்டும் அது கூடாது. உங்களுக்குக் கழுத்தில்தான் என்பதால் தடை இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியும் ரிஃபாம்பிசினோடு ஒத்துப்போகும். இரண்டோடு போதும் என்று உறுதியாக இருந்தால் குடும்பக்கட்டுப்பாடு அறுவையைப் பற்றியும் கேளுங்கள். ஆனால் அதை மாத்திரை முடிந்து உடம்பு தேறிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. கணவரும் யோசிக்கலாம், அவருக்கான அறுவை இன்னும் சுலபம்.